யாரைப் பார்த்து வளர்கிறான் நம்ம பையன்?

(திருவொற்றியூரில் இளைஞர் அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, 'குற்றம் எப்படிக் கற்றுக்கொள்ளப்படுகிறது?' போஸ்டரைப் பார்த்துட்டு ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, இது பயிலரங்கமா, பயிற்சி முகாமா?"ன்னு. சிரிக்காதீங்க. அவன் கேட்டதுல விஷயம் இருக்கு. குற்றத்துக்குப் பயிற்சி முகாம் உண்டு. அதுக்குப் பந்தல் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. தினமும் நம்ம கண்ணு முன்னாடி நடக்குது.

முதல்ல ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டுட்டு வர்றேன். வேலைக்கு இன்டர்வியூ போற நம்ம பையன் விலாசம் சொன்னதும், எதிர்ல இருக்கிறவர் முகம் மாறுது. "ஓ, நார்த் மெட்ராஸா?" வீடு வாடகைக்குக் கேட்டாலும் அதே 'ஓ'. ரவுடித்தனம் இந்த மண்ணுல, இந்த ரத்தத்துல ஊறினதுன்னு ஒரு நினைப்பு. இந்த நினைப்பு இந்த நாட்டுல ஒரு காலத்துல சட்டமாவே இருந்தது தோழர்களே. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டு வந்தான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில பொறந்தா போதும், கைரேகை பதியணும், ராத்திரியில காவல் நிலையத்துல ஆஜராகணும். திருடினியான்னு யாரும் கேட்கல. பொறந்தியான்னு கேட்டாங்க. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்ற மக்களைச் சுட்டே கொன்றார்கள். 1947-ல் நம்ம மாகாணத்திலும், 1952-ல் நாடு முழுக்கவும் அந்தச் சட்டம் போச்சு. அந்தப் புத்தி போச்சா? 'நார்த் மெட்ராஸா?'ன்னு கேட்கிற வாயில அது இன்னும் இருக்கு.

ரத்தம்னு சொல்றவங்களுக்கு சிகாகோவிலிருந்து ஒரு பதில் இருக்கு. கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல பத்தாண்டு நீதிமன்றப் பதிவேடுகளை எடுத்து, தப்பு பண்ண சிறுவர்களோட வீடுகளை வரைபடத்துல புள்ளி புள்ளியா வச்சுப் பார்த்தாங்க. 1942-ல் புத்தகமா வந்தது. புள்ளிகள் குவிஞ்ச இடம் எது தெரியுமா? ஆலைகள், ரயில் யார்டு, நெருக்கமான வாடகை வீடுகள் இருந்த பகுதி. கேட்க எங்கேயோ பழகின இடம் மாதிரி இல்ல? அந்தப் பகுதியில முதல்ல ஜெர்மன்காரங்களும் ஐரிஷ்காரங்களும் இருந்தாங்க. அவங்க கொஞ்சம் வசதி வந்ததும் வெளியே போனாங்க. போலந்துக்காரங்க வந்தாங்க, இத்தாலிக்காரங்க வந்தாங்க, பிறகு கருப்பின மக்கள் வந்தாங்க. மக்கள் மாறிக்கிட்டே இருந்தாங்க, புள்ளிகள் மட்டும் அதே இடத்துல இருந்தது. வெளியே போன குடும்பங்களோட பிள்ளைகள் புது இடத்துல அமைதியா வளர்ந்தாங்க. ரத்தம்னா அது கூடவே போயிருக்கணுமே?

அப்போ அந்த இடத்துல என்ன இருந்தது? பார்க்கிறதுக்கு ஆள் இருந்தாங்க.

இதை நம்ம ஊர் விஷயத்தை வச்சே சொல்றேன். காசிமேட்டில் கடல் தொழிலை யாரும் புத்தகம் வச்சுச் சொல்லித் தர்றதில்லை. நீரோட்டம் வண்ணியா தெண்டியா, கிழிஞ்ச வலையை எங்கேருந்து எடுத்துக் கட்டணும், ஏலத்துல எப்போ வாயைத் திறக்கணும், எப்போ மூடணும், எல்லாம் அப்பா பக்கத்துல, சித்தப்பா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துப் பழகினது. ஒர்க்‌ஷாப்புல பையன் ஸ்பேனர் பிடிக்கிறதும் அப்படித்தான். மனுசன் கத்துக்கிறதே பெரும்பாலும் இப்படித்தான். நல்லதுக்கு ஒரு வழி, கெட்டதுக்குத் தனி வழின்னு மூளையில இரண்டு கதவு கிடையாது. வலை கட்டக் கத்துக்கிற அதே கண்ணுதான், தெருமுனையில நிக்கிற அண்ணன் எப்படி நிக்கிறான், எப்படிப் பேசுறான், அவனைப் பார்த்து டீக்கடைக்காரர் ஏன் காசு வாங்கலன்னு பார்த்துக்கிட்டு இருக்கு.

எட்வின் சதர்லேண்ட்னு ஒரு அமெரிக்கச் சமூகவியலாளர் இதைத்தான் கோட்பாடா எழுதினார். 1939-ல் தன்னோட குற்றவியல் பாடநூலில் முதல்ல சொல்லி, 1947-ல் ஒன்பது கூற்றாகத் திருத்தி வச்சார். குற்றம் கற்றுக்கொள்ளப்படுகிறது, நெருக்கமானவங்ககிட்டேருந்து கற்றுக்கொள்ளப்படுகிறது. கத்துக்கிறது தொழில்நுட்பம் மட்டுமில்ல. பூட்டை எப்படி உடைக்கிறதுங்கிறது சின்ன பாடம். அதைச் செய்யலாம், தப்பில்லன்னு மனசுக்குச் சொல்லிக்கிற காரணம் இருக்கு பாருங்க, அதுதான் பெரிய பாடம்.

"அதே பசங்களோடதானே என் பையனும் சுத்தினான், அவன் கெடலையே?"ன்னு ஒரு அம்மா கேட்கலாம். நியாயமான கேள்வி. சதர்லேண்ட் அதுக்கும் கணக்கு வச்சிருக்கார். எத்தனை தடவை பார்த்தான், எவ்வளவு காலம் பார்த்தான், எந்த வயசுல பார்க்க ஆரம்பிச்சான், அவன் மதிக்கிற ஆளா அதைச் செஞ்சது. இந்த நாலும் எந்தப் பக்கம் கனமா இருக்கோ, பையன் அந்தப் பக்கம் சாய்வான். உங்க பையன் சாயலன்னா, இந்தப் பக்கத் தட்டுல நீங்க ஏதோ வச்சிருக்கீங்க அம்மா. சில வீட்டுல அதை வைக்கிறதுக்கு ஆளே இல்ல. காலையில ஆறு மணிக்குப் போன அப்பா ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வர்றார். ஞாயித்துக்கிழமை மட்டும் பார்க்கிற அப்பாவும், தினமும் மூணு மணி நேரம் பார்க்கிற தெருமுனை அண்ணனும் போட்டி போட்டா யார் ஜெயிப்பாங்க?

இப்ப நம்ம கண்ணெதிர்ல நடக்கிற ஒண்ணைச் சொல்றேன். ரூட்டு தல. கும்மிடிப்பூண்டி ரயிலில், திருத்தணி ரயிலில், பெரம்பூர் பஸ்ஸில் காலேஜுக்குப் போற பசங்க. ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு 'தல'. முதல் வருஷம் சேர்ற பையன் ஒரு வம்பும் தெரியாதவன். பாதிப் பேர் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போற முதல் ஆள். அவன் பார்க்கிறான்: படிக்கட்டுல தொங்குறவனுக்கு மரியாதை, பஸ் கூரையைத் தட்டிப் பாடுறவனுக்கு மரியாதை, எதிர் காலேஜ்காரனை அடிச்சவனுக்கு இன்னும் மரியாதை. இரண்டாம் வருஷம் கூட நிக்கிறான். மூணாம் வருஷம் அவனே தல. அதுக்குள்ள கீழே அடுத்த முதல் வருஷம் வந்தாச்சு. பாடத்திட்டம் மாறினாலும் இந்தப் பாடம் மாறுறதில்லை. பஸ் டே எப்படி ஆரம்பிச்சது? தினமும் ஏத்திக்கிட்டுப் போற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டு நன்றி சொல்லத்தான். அந்த நன்றியை அடுத்த செட்டுக்குச் சொல்லித் தர ஆள் இல்ல, கூரை மேல ஏறச் சொல்லித் தர ஆள் இருந்தது.

2019 ஜூலையில், பெரம்பூரிலிருந்து திருவேற்காடு போற 29இ பஸ்ஸில் ஏறி, அரும்பாக்கத்துல பட்டப்பகலில், மாணவர்களை மாணவர்களே பட்டாக்கத்தியோட துரத்தி வெட்டினதை நாடே வீடியோவுல பார்த்தது. போலீஸ் ரூட்டு தலைகளைக் கூப்பிட்டு நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கினாங்க. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்துல தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருத்தர் ஆஸ்பத்திரியில இறந்தே போனார். கூலி வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற வீடுகள் தோழர்களே. டிகிரி வாங்கப் போன பையனைப் பொட்டலமாக் கட்டி வாங்கிட்டு வர்றது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அடிச்ச பையன் வீட்டுலயும் ஒரு அம்மா இருக்காங்க. அவங்க வாரா வாரம் புழல் சிறை வாசல்ல மனு போட்டு வரிசையில நிக்கணும்.

அந்தப் 'பெரிய பாடம்'னு சொன்னேனே, மனசுக்குச் சொல்லிக்கிற காரணம். 1957-ல் சைக்ஸ், மாட்சா என்ற இரண்டு பேர் அதைப் பிரிச்சுப் பார்த்து ஐந்து வகைன்னு சொன்னாங்க. அவங்க இங்கிலீஷ்ல எழுதினதை நம்ம தெருவுல தமிழ்ல கேட்கலாம். "போதையில இருந்தேன், நானா பண்ணேன்?" "பெரிய கம்பெனி சரக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, யாருக்கு என்ன நஷ்டம்?" "அவன் மட்டும் யோக்கியமா? வாங்க வேண்டியதை வாங்கினான்." "போலீஸே வாங்குறான், என்னைச் சொல்ல வந்துட்டான்." அஞ்சாவதுதான் இங்க ரொம்ப ஓடுறது: "நண்பனுக்காக." ஏரியா பையன் மேல கை வச்சுட்டான், சும்மா இருந்தா நான் ஆம்பளையா? நட்பு, விசுவாசம், இதெல்லாம் நல்ல குணம்தான். கெட்டவன் அந்த நல்ல குணத்தைப் பிடிச்சுத்தான் பையனை இழுக்கிறான். சொற்களையும் கவனிங்க. வெட்டினான்னு சொல்ல மாட்டான், 'சம்பவம் பண்ணிட்டான்'. கத்தின்னு சொல்ல மாட்டான், 'பொருள்'. கொல்லத் திட்டம் போடுறதுக்கு 'ஸ்கெட்ச்'. ரத்த வாடை இல்லாத வார்த்தையா பார்த்துப் பொறுக்கி வச்சிருக்கான். பத்து வயசுப் பையன் முதல்ல இந்த வார்த்தைகளைத்தான் கத்துக்கிறான்.

இனிமேதான் எனக்கு முக்கியமானது. ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர், 1961-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 72 சின்னக் குழந்தைகளை வச்சு ஒரு சோதனை பண்ணார். அடிச்சா சாஞ்சு திரும்ப எழுந்து நிக்கிற காத்தடைச்ச பொம்மை. ஒரு பெரியவர் அதைச் சுத்தியலால அடிக்கிறார், உதைக்கிறார், கூடவே வசனமும் பேசுறார். பார்த்த குழந்தைகள் பிறகு அதே மாதிரி அடிச்சதுங்க, அதே வசனத்தையும் சொன்னதுங்க. பெரியவர் அமைதியா விளையாடினதைப் பார்த்த குழந்தைகள் அந்த அளவு அடிக்கல. சரி, இது நமக்கே தெரியும்னு சொல்வீங்க. 1965-ல் அவர் பண்ண அடுத்த சோதனையைக் கேளுங்க. பொம்மையை அடிக்கிற ஆளைப் படமா எடுத்து, மூணு விதமா முடிச்சார். ஒண்ணுல அடிச்சவருக்குப் பாராட்டு, மிட்டாய். இன்னொண்ணுல அவருக்குத் திட்டும் தண்டனையும். மூணாவதுல ஒண்ணுமே நடக்கல, அடிச்சார், படம் முடிஞ்சது.

தண்டனையைப் பார்த்த குழந்தைகள் கம்மியா அடிச்சதுங்க. ஆனா ஒண்ணுமே நடக்காததைப் பார்த்த குழந்தைகள், பரிசு கொடுத்ததைப் பார்த்த குழந்தைகள் அளவுக்கே அடிச்சதுங்க. புரியுதா தோழர்களே? தப்பு பண்ணவனுக்கு ஒண்ணும் ஆகலன்னா, பார்க்கிற பிள்ளைக்கு அது பரிசு கொடுத்த மாதிரிதான். இன்னொண்ணும் நடந்தது. கடைசியில, "நீ பார்த்ததைச் செஞ்சு காட்டு, ஸ்டிக்கர் தர்றேன், ஜூஸ் தர்றேன்"னு சொன்னதும் மூணு குழுவும் ஒரே அளவுக்குச் செஞ்சு காட்டிச்சு. அதாவது தண்டனையைப் பார்த்த பிள்ளையும் பாடத்தை முழுசாக் கத்துக்கிட்டுத்தான் இருந்தது. வெளியே காட்டல, அவ்வளவுதான். பரிசு தர ஒரு ஆள் வர்ற வரைக்கும் அது உள்ளேயே இருக்கும். நம்ம தெருவுல அந்தப் பரிசோட ஒரு ஆள் வருவான். ஒரு பைக், ஒரு பிரியாணி, "தம்பி, ஒரு சின்ன வேலை".

'ஒண்ணுமே ஆகல'ங்கிறதை எண்ணூர் பையன் எங்கே பார்க்கிறான்? ரவுடிகிட்ட மட்டும்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மணலி சிபிசிஎல் வளாகத்திலிருந்து வந்ததுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. அலையாத்தி மரம், படகு, வலை, மனுசன் கால், எல்லாம் கருப்பு. நம்ம மீனவர்கள் பக்கெட்டையும் மக்கையும் வச்சு அள்ளினாங்க. அதே மாசம் 26-ம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் பக்கத்துல கோரமண்டல் உர ஆலையோட கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சது. தூங்கின குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஜனங்க இருட்டுல ஓடினாங்க. இரண்டுமே பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போச்சு. குழு, அறிக்கை, இழப்பீட்டுக் கணக்கு எல்லாம் நடந்தது. பையன் அறிக்கை படிக்கிறதில்லை. செல்போன் அடிச்சவனை வீடு புகுந்து அன்னைக்கு ராத்திரியே ஜீப்புல ஏத்துறாங்க, கடலைக் கெடுத்ததுக்குக் கடிதம் போகுது. இதைத்தான் அவன் பார்க்கிறான்.

இதுவும் சதர்லேண்டுக்குத் தெரிஞ்சிருந்தது. 1949-ல் அமெரிக்காவின் 70 மிகப்பெரிய கம்பெனிகளை எடுத்து, அவங்களுக்கு எதிரா வந்த 980 தீர்ப்பு, உத்தரவுகளைத் தொகுத்தார். ஒரு கம்பெனி கூடத் தப்பல. கோட்டு போட்டவனும் தன் ஆபீஸ்ல சீனியரைப் பார்த்துத்தான் கத்துக்கிறான்னு எழுதினார். பதிப்பாளர் வழக்குக்குப் பயந்து கம்பெனி பெயர்களை எடுக்கச் சொன்னார். பெயர்களோட முழுப் புத்தகம் வந்தது 1983-ல். சதர்லேண்ட் 1950-லேயே இறந்துட்டார். பட்டினத்தார் சமாதி இருக்கிற ஊர்ல நின்னு பெரிய பணத்தைப் பத்திப் பேசுறேன், அதுக்கு மேல சொல்லல.

சரி, அடுத்தவனைச் சொன்னது போதும். நம்ம பக்கம் திரும்புறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்குங்க.

ஜாமீன்ல வெளியே வர்றவருக்குப் பட்டாசு யார் வெடிக்கிறா? கட்சி வித்தியாசம் இல்லாம எல்லாக் கொடியும் அங்க இருக்கு. பிறந்தநாள் ஃப்ளெக்ஸுல கொலை வழக்கு இருக்கிறவர் படமும் தலைவர் படமும் பக்கத்துல பக்கத்துல. தேர்தல் வந்தா 'ஆள் பலம்' வேணும்னு யாரைத் தேடிப் போறோம்? கோயில் திருவிழாவுல முதல் மரியாதை யாருக்கு? அந்த ஃப்ளெக்ஸ் கீழதான் நம்ம பிள்ளை ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்குது. பண்டுரா படத்துல மிட்டாய் கொடுத்த கை இருக்கே, அந்த இடத்துல நாம நிக்கிறோம். மேடையில ஒருத்தரை ஏத்தறதுக்கு முன்னாடி, கீழே முதல் வரிசையில உட்கார்ந்திருக்கிற பதிமூணு வயசுப் பையன் என்ன நினைப்பான்னு ஒரு வட்டச் செயலாளர் யோசிக்கணும். "அவர் இல்லன்னா அந்தத் தெருவுல ஓட்டு விழாது"ன்னு சொல்வாங்க. விழலன்னா பரவாயில்ல, வீடு வீடா ஏறி இறங்கி வாங்கிக்கலாம். அதுக்குத்தானே இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கோம்?

இணையத் தோழர்களே, இது உங்களுக்கு. வெட்டுற சிசிடிவி காட்சிக்கு பிஜிஎம் போட்டு 'மாஸ்'னு எடிட் பண்றது, கத்தியால கேக் வெட்டுற ரீல்ஸுக்கு நெருப்பு எமோஜி போடுறது. சதர்லேண்ட் காலத்துல சினிமா, பத்திரிகைக்குப் பெரிய பங்கு இல்ல, நேர்ப் பழக்கம்தான் முக்கியம்னு எழுதினார். அவருக்கு ரீல்ஸ் தெரியாது. முகம் தெரிஞ்ச ஏரியா அண்ணனே போன்ல ராத்திரி முழுக்க வர்றான், கூட லைக் எண்ணிக்கையும் வருது. அந்த எண்ணிக்கைதான் இன்னைக்கு மிட்டாய். எதிர்க்கட்சிக்காரனைத் திட்டுறதுக்காகக்கூட அந்த வீடியோவைப் பகிராதீங்க. இன்னொண்ணு, பதினெட்டு வயசு ஆகாத பையன் ஒரு வழக்குல மாட்டினா அவன் பெயர், படம் போடுறது சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ன்படி குற்றம். ஆத்திரத்துல போட்டாலும் குற்றம்தான். ஒரு தடவை ஊர் முழுக்க 'ரவுடி'ன்னு போட்டோ சுத்திட்டா, அவனைத் திரும்ப எந்த வாத்தியார் சேர்ப்பார், எந்த முதலாளி சேர்ப்பார்? சேர்த்துக்கிறதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருப்பான், அந்த பைக்காரன்.

உள்ளே போறதும் அப்படித்தான். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருக்கிறவங்கள்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே வராதவங்க. முதல் தடவை செயின் பறிச்சு மாட்டின பத்தொன்பது வயசுப் பையனுக்கு ஜாமீன் போட ஆள் இல்லாம மாசக்கணக்கா உள்ளே இருந்தா, பக்கத்துல யார் இருப்பாங்க, என்ன பேசுவாங்க? நெருக்கம், காலம், வயசு, மரியாதை, நாலும் ஒரே அறையில அமைஞ்சுடுது. அதனால சட்டப் பிரிவுத் தோழர்கள்கிட்ட கேட்டிருக்கேன்: முதல் வழக்குப் பையன்களோட ஜாமீன் மனுவைத் தள்ளிப் போடாதீங்க. தப்பை மறைக்கச் சொல்லல, வழக்கு நடக்கட்டும். பையன் வீட்டிலிருந்து வந்து வழக்கைச் சந்திக்கட்டும்.

ஷாவும் வரைபடத்தோட நிறுத்தல. 1930-களிலேயே அதே சிகாகோ தெருக்காரங்களையே வச்சு, விளையாட்டு, முகாம், சிறையிலிருந்து வந்த பையனைத் தெருவே ஏத்துக்கிறதுன்னு ஒரு வேலையை ஆரம்பிச்சார். வெளியூர் நிபுணரைக் கொண்டு வரல. நமக்கும் வெளியூர் ஆள் வேண்டாம். வியாசர்பாடியில கால்பந்து எப்படி வளர்ந்தது? மைதானத்துல அண்ணன் ஆடினான், தம்பி பார்த்தான். இராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் குத்துச்சண்டை அப்படித்தான். புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரோட மகள், 2024-ல் அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கினாங்க. இன்னைக்கு அந்தத் தெருவுல எத்தனை பெண் பிள்ளைகள் ஸ்ட்ரைக்கரைக் கையில எடுத்திருக்கும்! பார்க்கிற கண்ணு அதேதான்.

வேலைக்கு வர்றேன். ஒவ்வொரு வட்டத்திலும் சாயந்தரம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் பசங்க எங்கே நிக்கிறாங்கன்னு எழுதி எடுத்துட்டு வாங்க. எந்த மைதானத்துல லைட் எரியல, எது லாரி பார்க்கிங் ஆகிடுச்சு, எந்த நூலகம் பூட்டிக் கிடக்குது. மாநகராட்சி மண்டல அலுவலகத்துல மனு கொடுக்கப் பட்டியல் வேணும், கோஷம் வேண்டாம். ஐடிஐ முடிச்சு ஆலையில நல்ல வேலையில இருக்கிற நம்ம தோழர்கள் வாரத்துல இரண்டு சாயந்தரம் அந்த மைதானத்துல போய் நில்லுங்க. பிரசங்கம் பண்ண வேண்டாம், பந்து போடுங்க, போதும். பசங்க உங்க ஷூவைப் பார்ப்பாங்க, வண்டியைப் பார்ப்பாங்க, மாசம் எவ்வளவுன்னு கேட்பாங்க. சொல்லுங்க.

பெயர் கொடுக்க விரும்புறவங்களுக்கு வாசல் பக்கம் மேஜையில நோட்டு இருக்கு. கேள்வி கேட்கிறவங்க கை தூக்குங்க. மைக்கை முதல்ல அந்தப் பக்கம் கொடுங்க தம்பி, நெட்டுக்குப்பத்து அக்கா ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டு இருக்காங்க.